எயிறு காத்த ஏந்தல் பெட்ரோல் டேங்க் வென்ற காதை

வாழ்க அவன் கொற்றம். கன்னம் வீங்கிக் கண்ணீர் வழிய வந்த எண்ணிறந்த மாந்தரின் கடைவாய்க் கானகத்துள் ஒற்றை விளக்கோடு புகுந்து, சொத்தை என்னும் கரும்படையைத் துளைத்தும் துருவியும் துரத்தியும் ஒழித்தவன். ‘ஆ காட்டுங்க’ என்னும் இரண்டே சொல்லால் உயர் அதிகாரியையும் அடங்காத பிள்ளையையும் ஒருசேர வாய்பிளக்க வைத்தவன். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ‘ஒண்ணுமே வலிக்காது’ என்று மலர்ந்த முகத்தோடு பொய்யுரைக்க வல்ல வாய்மையாளன். எயிறு காத்த ஏந்தல், ஈறு புரந்த வள்ளல், எங்கள் தெருப் பல் டாக்டர் நீடு வாழ்க. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரின் பெட்ரோல் டேங்க்கோடு தன்னந்தனியனாய்ப் பொருத பெரும்போரை, அது நடந்தபடியே, ஒரு திருகாணி கூடக் குறையாமல் சொல்லப் புகுகின்றேன். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுவது எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தொடங்குமுன் துணை வேண்ட வேண்டும் அல்லவா? பத்தாம் நம்பர் ஸ்பேனரே, உன்னை வணங்குகின்றேன். பெட்டி நிறைய உன் உடன்பிறந்தார் வரிசை குலையாமல் படுத்திருக்க, நீ மட்டும் வேண்டும் பொழுதில் மறைந்து, வேண்டாப் பொழுதில் வெறுங்காலில் இடறும் மாயக்காரனே, இக்காதை முடியுமட்டுமாவது என் கண்முன் கிட. அவனுக்குச் செய்ததை எனக்கும் செய்துவிடாதே.

இனி அவன் ஊர்தியின் பெருமை கேளீர். அதன் பெயர் டுர்டுர். கம்பெனிக்காரன் இட்ட பெயர் ஒன்று பின்புறத்தில் இரண்டெழுத்து உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எவரும் மதித்துப் படித்ததில்லை. டுர்டுர் என்பது ஏந்தலின் ஒரே மகள், மழலை திருந்தாப் பருவத்தில், ‘அம்மா’ என்ற சொல்லுக்கு அடுத்ததாகவும் ‘அப்பா’ என்ற சொல்லுக்கு முந்தியதாகவும் திருவாய் மலர்ந்து சூட்டிய பெயர். தன்னை முந்திக்கொண்டு கார் வந்துவிட்டதே என்று ஏந்தல் அன்று சிறிது வருந்தினான். மறுநாள் முதல் வருவோர் போவோரிடமெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தான். ஒருகாலத்தில் பால்வெண்மை பூண்டிருந்த அத்தேர் இப்போது ஓயாமல் டீ குடிப்பவர் பல்லின் நிறத்தை அடைந்திருந்தது. அதன் கதவுகளுள் ஒன்று உள்ளிருந்து மட்டுமே திறக்கும். ஒன்று வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். ஒரு சன்னல் இறங்கினால் ஏறாது. மழைக்காலம் முழுதும் போர்ட்டிகோவில் உறையைப் போர்த்திக்கொண்டு கிடந்து எழுந்தபின் அதற்குப் புதிதாக ஒரு நோய் கண்டது: சாவி கொடுத்தால் கிளம்பும், வீறுகொண்டு தெருமுனை வரை பாயும், அங்கே இரு முறை விக்கும், ஒரு முறை தும்மும், பின் நின்றுவிடும். அப்புறம் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

தொல்லை பிடித்த அதை அன்றே ஏன் எழுப்ப வேண்டும் என்பீர். காரணம் பெட்ரோல் அன்று, மகள். படிப்பு முடித்து, நேர்முகம் கண்டு, தொலைதூரப் பெருநகரில் முதல் வேலை பெற்றவள் அன்று மாலை ரயிலேறப் போகிறாள். பெட்டிகள் கூடத்தில் அணிவகுத்து நின்றன. ‘ஸ்டேஷனுக்கு டுர்டுர்ல நான்தான் கொண்டுபோய் விடுவேன்’ என்று ஏந்தல் அவ்வாரம் முழுதும் வீட்டாரிடமும், மறுத்துப் பேச வாய் ஒழியாத நோயாளிகளிடமும் முழங்கியிருந்தான். அச்சொல் நிற்குமா, விழுமா என்பதே இக்காதையின் பொருள். மற்றதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

வழக்கமாக டுர்டுரைப் பேணும் மெக்கானிக்கோ குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தான். போனில் நோய்க்குறியைக் கேட்டவன், “டேங்க்ல அழுக்குச் சேந்திருக்கும் டாக்டர், மழையில நின்ன வண்டிதான. வியாழக்கிழமை வந்து பாக்கறேன்” என்றான்.

“வியாழக்கிழமை எதுக்கு? நானே பாத்துக்கறேன்.”

“டாக்டர், வேணாம் டாக்டர்” என்ற மொழி வந்துகொண்டிருக்கும்போதே இணைப்பை ஏந்தல் துண்டித்தான்.

அவ்வேளை, வாசலில் ஓசையே இல்லாமல் ஒரு தேர் வந்து நின்றது. ஏந்தலின் மனைவியுடைய தம்பி அதிலிருந்து இறங்கினான். சாவியைத் தொடாமலே கதவு திறக்கும் சதுரன், பின்னால் பாராமலே பின்னோக்கி ஓட்டும் வித்தகன், வண்டி வாங்கிய நாள்முதல் இருக்கைமேல் இருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்காத பேணுநன் அவன். அக்காள் மகளை வழியனுப்ப வந்தவன் டுர்டுரைச் சுற்றி ஒருமுறை வலம் வந்தான், டயரை ஓர் உதை உதைத்தான். நல்லவன்தான். நல்லவர்கள் உதவி செய்ய வரும்போது ஏற்படும் எரிச்சல் கெட்டவர்களால் ஏற்படுவதில்லை என்பதை ஏந்தல் முகத்தில் அப்போது கண்டேன்.

“அத்தான், எதுக்கு இந்த வேண்டாத வேலை? சாயங்காலம் நானே பாப்பாவக் கொண்டுபோய் விட்டுடறேன். ஏசி இருக்கு. டிக்கி பெருசு, பெட்டியெல்லாம் அப்பிடியே உள்ள போயிடும்.”

இதைக் கேட்ட ஏந்தல் கையிலிருந்த காப்பி டம்ளரை மதிற்சுவர்மேல் வைத்து, நெஞ்சு நிமிர்த்தி, தெருவே கேட்கப் பறைசாற்றினான்:

“மச்சான், நல்லாக் கேட்டுக்க. அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேருந்து இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வந்தேன். மொத வேலைக்குப் போறப்பவும் இதுலதான் போவா. வாய்க்குள்ள விரலே நுழையாத எடத்துல ஊசி போட்டு வேர எடுக்கறவன் நான். இந்த வண்டி என்ன, வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு, கத்தாம, கடிக்காம இருக்கிற பேஷண்ட். மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவேன்.”

உள்ளிருந்து மனைவியின் தீர்ப்பு வந்தது. அவ்வீட்டில் மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு அது.

“நாலு மணி வரைக்கும் பாருங்க. ஓடுச்சுன்னா உங்க வண்டி. இல்லன்னா தம்பி வண்டி. ரயில் உங்களுக்காக நிக்காது, சொல்லிட்டேன்.”

பின்னர்ப் போர்க்கோலம் பூண்டான் புரவலன். கிழிந்ததால் ஒதுக்கிய பச்சை மேலங்கியை மார்பில் தரித்து, கையுறை இரண்டையும் சடக்கென்று இழுத்து மாட்டி, முகக்கவசம் கட்டி, பிறர் வாய்க்குள் வெளிச்சம் பாய்ச்சும் விளக்கை நெற்றியில் பொருத்தி, ஒரு கையில் ஸ்பேனர் பெட்டியும் மறு கையில் கிளினிக்கிலிருந்து கொணர்ந்த எவர்சில்வர் தட்டும் ஏந்தி அவன் போர்ட்டிகோவில் வந்து நின்ற காட்சியை, எதிர்மாடியில் துணி உலர்த்திய அம்மாள் கண்டு, யாருக்கோ ஆபரேஷன் என்று அஞ்சி உள்ளே போய்விட்டாள். வட்டமுகச் சிறுகண்ணாடி, வளைநுனிக் கொக்கி, வேர் துருவும் மயிரிழை அரம், பல் பிடுங்கும் இடுக்கி, ஊசி நீக்கிய சிரிஞ்சு, பிரிக்காத பஞ்சுப் பொட்டலம் ஆகியவை தட்டில் வரிசை பிசகாமல் கிடந்தன. பானெட்டைத் திறந்து நிறுத்தியவன், “பயப்படாத. ரெண்டே நிமிஷம்” என்று டுர்டுரிடம் கூறினான். எல்லோரிடமும் அவன் கூறுவது அதுதான்.

முதற்கண் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். ஒன்பது இருந்தது, பதினொன்று இருந்தது, யாருக்கும் என்றும் பயன்படாத பதினைந்து பளபளவென்று இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தான், காரின் அடியில் தவழ்ந்தான், மைத்துனன் அமர்ந்திருந்த நாற்காலியை அவனோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தான். முடிவில் மனைவி சமையலறையிலிருந்து அதை நீட்டினாள்.

“குக்கர் பிடி ஆடுச்சேன்னு எடுத்தேன். ஒரு ஸ்பேனருக்கு இத்தன ஆர்ப்பாட்டமா?”

அவமானத்தை விழுங்கி ஏந்தல் அடுத்த களம் புகுந்தான். அப்பழங்காரில் பெட்ரோல் டேங்க் இருப்பது பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் இடையே. சாய்மானத்தைக் கழற்றினால் அது சுவர்போல் நிற்கும். அதன் அடிவாயில் விரல் தடிமனில் ஓர் இரும்பு மூக்கு. அம்மூக்கில் மாட்டிய ரப்பர் குழாய் தரைக்கடியில் ஓடி எஞ்சினைச் சேரும். ஏந்தல் அம்மூக்கில் நீண்ட குழாயொன்றை மாட்டி வாசலில் வைத்த வாளிக்குள் விட்டான். விட்டதும், பெட்ரோல் என்று நம்பி இத்தனை நாள் ஊற்றியதெல்லாம் கஷாயமாய்த் திரண்டு, துருவும் வண்டலும் விரவி, பழைய வார்னிஷ் நாற்றத்தோடு குபுகுபுவென்று வெளியே வந்தது.

“அழுக்கு இங்கதான் இருக்கு. பாத்தியா மச்சான், வேர்ல இருக்கு பிரச்சனை.”

நாற்றம் வீட்டினுள் புகுந்தது. மனைவி அடுப்பை அணைத்தாள். சிலிண்டரையும் மூடினாள். அன்று அவ்வீட்டில் பகலுணவு ரொட்டியும் வாழைப்பழமும் என்று அறிவிக்கப்பட்டது. மைத்துனன் ரொட்டியை மென்றபடி போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, “அத்தான், இதுல ஒருத்தர் மொத்த வேலையும் மூணு நிமிஷத்துல முடிச்சுட்டாரு” என்றான். ஏந்தல் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ரொட்டி தொண்டையில் நின்றது.

டேங்க்கை அலசி வடித்து, அடைத்துக் கறுத்த ஃபில்ட்டரை வீசிப் புதியதைப் பொருத்தி, மூன்றாம் களமாகிய, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரை ஏந்தல் முற்றுகையிட்டான். ஊதினால் பறக்கும் உறுப்புகளும், கடுகு புகாத துளைகளும், எதற்கென்று அதைச் செய்தவனுக்கே மறந்துபோன திருகுகளும் நிறைந்த வஞ்சகக் கோட்டை அது. மெக்கானிக்குகள் ஊதியும் உறிஞ்சியும் தட்டியும் திறக்கும் அத்துளைகளை எங்கள் ஏந்தல் தன் தொழில் முறைப்படியே அணுகினான்: சிறுகண்ணாடியை நுழைத்துப் பார்த்து, கொக்கியால் தட்டிக் கேட்டு, மயிரிழை அரத்தை உள்ளே விட்டு இம்மியிம்மியாகச் சுழற்றி, சிரிஞ்சால் பெட்ரோல் பீச்சி, பழக்கத்தின் வேகத்தில் “கொப்பளிச்சுத் துப்புங்க” என்றான்.

“அது துப்பிடுச்சு அத்தான்” என்றான் மைத்துனன்.

அந்நேரம் கடுகளவு பித்தளைக் கிளிப் ஒன்று துள்ளிப் பறந்து காணாமற்போயிற்று. படை முழுவதும் மண்டியிட்டது. மைத்துனன் தன் தேரின் சக்கரத்தடியிலும், மனைவி பூந்தொட்டி இடுக்கிலும், ஏந்தல் தரையில் கன்னம் பதித்து அடிவானம் வரைக்கும் தேடினர். பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து, தந்தையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, அவன் தலைமுடியிலிருந்து அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கார்புரேட்டர் மீண்டும் பூட்டப்பட்டது. வாங்கிவந்த புதுப் பெட்ரோல் டேங்க்கை நிறைத்தது. வெற்றி அணித்தே நின்றது. அப்போதுதான், அசைத்து அலைக்கழித்ததில் வெடிப்புக் கண்டு, டேங்க்கின் மூக்கிலிருந்த பழைய ரப்பர் குழாய் கசியத் தொடங்கிற்று. புதுக்குழாய் கையில் இருந்தது. ஆனால் பழையதை உருவினால் நிறைந்த டேங்க் ஒரேயடியாகக் கக்கிவிடும். ஏந்தல் அஞ்சினானா? வாய்க்குள் ஈரம் ஊறும் இடத்தில் அவன் கை தானாகச் செய்வதைச் செய்தது. பொட்டலத்தைக் கிழித்தான், இரண்டு பஞ்சுச் சுருளை ஒன்றாய் முறுக்கினான், பழைய குழாயை உருவிய கணமே மூக்கின் துளைக்குள் அதை இறுகத் திணித்தான். கசிவு நின்றது. புதுக்குழாயை அதன்மேல் மாட்டினான், கிளிப்பை முறுக்கினான், சாய்மானத்தைத் தூக்கி நிறுத்தினான், கைதட்டிக்கொண்டான்.

அவையோரே, அந்தப் பஞ்சை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவன் வைக்கவில்லை. இதை மறதி என்று பழிப்பவன் அவன் கிளினிக்கை அறியாதவன். அங்கே பஞ்சு வைப்பது டாக்டரின் வேலை. எடுப்பது நர்ஸம்மாவின் வேலை. ஒவ்வொரு நோயாளியும் நாற்காலியை விட்டு எழுமுன் ‘டாக்டர், பஞ்சு’ என்று அவள் சொல்லுவாள், தானே எடுத்தும் விடுவாள். கிளினிக் திறந்த நாள்தொட்டு ஒரு பஞ்சைக்கூட அவன் திரும்ப எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவுக்கு லீவு.

வந்தது பெருந்தருணம். பேட்டரி இணைந்தது. கார்புரேட்டரின் சிறுகலத்தில் சிரிஞ்சால் முன்கூட்டியே பெட்ரோல் வார்த்து, மேலங்கியோடும் நெற்றிவிளக்கோடும் ஏந்தல் தேர்த்தட்டேறிச் சாவியைத் திருப்ப, டுர்டுர் ஒரு முறை இருமி, மறுமுறை உறுமி, மூன்றாம் முறை வானமும் வையமும் வாசற்கதவும் அதிர முழங்கிற்று. மனைவி கூடத்திலிருந்து ஓடிவந்தாள். மைத்துனன் எழுந்து நின்றான். ஏந்தல் சன்னல் வழியே கைநீட்டி, “என்ன சொன்னேன்? என்ன சொன்னேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாவது முறை கேட்டபோது டுர்டுர் விக்கியது. தும்மியது. நின்றது.

மறுபடி வார்த்தான், மறுபடி முழங்கிற்று, மறுபடி அணைந்தது. வார்த்த அளவுக்கே அது ஓடிற்று, கூலிக்கு மேல் ஒரு சொட்டு உழைக்கவில்லை. ஃபில்ட்டரைப் பிரித்தான், சுத்தமாக இருந்தது. பம்பைத் தட்டினான், நலமாக இருந்தது. அங்குலம் அங்குலமாய்க் கார்புரேட்டரை மீண்டும் நோக்கினான், அது குழந்தையின் வாய்போல் பளிச்சென்றிருந்தது. கடிகாரமோ மூன்றைத் தொட்டு நாலை நோக்கிச் சாய்ந்தது. மைத்துனன் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் டிக்கியில் அடுக்கத் தொடங்கினான். அவன் கேலி செய்திருந்தால் ஏந்தல் தாங்கியிருப்பான். அவனோ பெட்டிகளை ஓசைப்படாமல் வைத்தான்.

ஏந்தல் படியில் உட்கார்ந்துவிட்டான். முகக்கவசத்தை இறக்கிவிட்டு டுர்டுரையே வெறித்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன பயம்: மகள் வீட்டை விட்டுப் போவது அவனுக்குத் தாங்கவில்லை. போகாதே என்று சொல்ல உரிமை இல்லை, சொல்லவும் அவன் விரும்பவில்லை. போய் வா என்று சொல்லவோ வாய் எழவில்லை. பிறர் வாய்களைத் திறந்தே காலம் கழித்தவனுக்குத் தன் வாயைத் திறக்கும் வித்தை வசப்படவில்லை. ஆகவே காலையிலிருந்து காரைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச தூரம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் ஏதாவது சொல்ல வரும் என்று நம்பியிருந்தான், பாவம்.

ரயிலுக்கான புது உடை உடுத்தி மகள் வெளியே வந்தாள். படியைத் தட்டிவிட்டு அவன் அருகில் உட்கார்ந்தாள்.

“பரவால்லப்பா. மாமா வண்டியிலயே போயிடலாம். நீங்களும் வாங்க.”

“ம்.”

“கோவமா?”

“கோவம்லாம் இல்லம்மா. எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். அப்புறமும் ஏன் நிக்குதுன்னுதான் தெரியல.”

அவள் எட்டி, டுர்டுரின் மட்கார்டுமேல் கிழிந்து கிடந்த பொட்டலத்தை எடுத்தாள்.

“இந்தப் பஞ்சு எதுக்குப்பா?”

“டேங்க் மூக்குல ஒழுகுச்சு. அடைச்சேன்.”

பள்ளி விட்டபின் மாலைதோறும் கிளினிக்கின் மூலை நாற்காலியில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மகள் அவள். ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் நர்ஸம்மாவின் அச்சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பாள். இப்போது அவளே கேட்டாள்.

“எடுத்தீங்களா?”

ஏந்தல் துள்ளி எழுந்தான். தட்டிலிருந்த பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுத்தான். சீறிப் பாய்ந்து காருக்குள் புகுந்தான், சாய்மானத்தைக் கழற்றப் பொறுமையின்றி முன்னால் வளைத்து முழங்காலால் அமுக்கினான், கிளிப்பைத் தளர்த்திக் குழாயை உருவினான், மூக்கினுள் இடுக்கியைச் செலுத்தி, ஊறி உப்பிக் கிடந்த பஞ்சைப் பற்றி, மணிக்கட்டைச் சற்றே திருகி, ஆயிரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அதே லாவகத்தோடு ஒரே இழுப்பில் இழுத்தான். வந்தது பஞ்சு. பின்னோடு வந்தது பெட்ரோல். அலையாய் எழுந்து, இருக்கையின் மெத்தை மேலும், விரிப்பின் மேலும், ஏந்தலின் மார்பின் மேலும், மேலங்கியின் கிழிசல் வழியே உள்ளேயும் அது பாய்ந்து பரவ, குழாயை மீண்டும் மாட்டுவதற்குள் அவன் முழுக்காட்டப்பட்டான். ஆனாலும் மாட்டினான். கிளிப்பை முறுக்கினான். நனைந்த மெத்தையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தான், விரிப்பைச் சுருட்டி அதன்மேல் எறிந்தான், சோப்புத் தண்ணீரால் தளத்தைக் கழுவினான், கதவுகளைத் திறந்துபோட்டுக் காற்றாடவிட்டான், குளித்து உடை மாற்றி ஓடிவந்தான்.

சாவி திரும்பியது. அம்மா, அது அன்றோ முழக்கம். வார்த்துக் கொடுக்கக் கையின்றி, விக்கலின்றி, தும்மலின்றி, டுர்டுர் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு நின்ற கோலத்தை என்னென்பேன். தெருமுனை வரை சென்றது, அங்கே நிற்கவில்லை, அப்பாலும் சென்றது, சந்தெல்லாம் சுற்றித் திரும்பி வந்தது. எதிர்மாடி அம்மாள் வெளியே வந்து பார்த்தாள். நோயாளி பிழைத்ததாக எண்ணினாள் போலும். மணி நாலு ஆகவில்லை. மைத்துனன் தன் டிக்கியைத் திறந்து, “அத்தான், ஓடுது” என்று மனமார ஒப்புக்கொண்டு, பெட்டியை வெளியே எடுக்கக் கைவைத்தான்.

வென்றவன் இறங்கி வந்து, முன்கதவைத் தன் கையால் திறந்து, மகளை அழைத்தான். மகள் உள்ளே ஒரு கால் வைத்தாள். வைத்த காலோடு நின்றாள். முகம் சுருங்கியது, கண்ணில் நீர் வந்தது, இருமினாள். பெட்ரோல் வாசனை என்றா சொன்னேன்? வாசனை அன்று அது. உள்ளே ஒரு பங்க் நின்றுகொண்டிருந்தது.

“இதுலயா? புதுத் துணி. விடிய விடிய ரயில்ல உக்காந்து போகணும். வழியிலயே வாந்தி எடுப்பா” என்றாள் மனைவி. கடிந்து சொல்லவில்லை. அவள் குரல் தணிந்திருந்தது, அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“பரவால்லம்மா, நான் போய்க்கறேன்” என்று மகள் மறுபடி காலை எடுத்து வைத்தாள். மறுபடி இருமினாள்.

அந்நிலையில் எங்கள் ஏந்தல் செய்த செயலை, சொத்தை செற்ற வெற்றிக்கும், டேங்க் வென்ற வெற்றிக்கும் மேலாக நான் வைப்பேன். எவரும் சொல்லாமல், தானே நடந்து சென்று, தன் மைத்துனனின் புத்தம்புதுத் தேரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். “ஏறிக்கம்மா. ஏசி இருக்கு” என்றான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு வரவில்லை. மகள் ஏறினாள், தாய் ஏறினாள், கதவு ஓசையின்றி மூடிக்கொண்டது. “நீங்களும் ஏறுங்க அத்தான், எடம் இருக்கு” என்ற மைத்துனனிடம், “நீ போ, பின்னாடியே வரேன்” என்றான் ஏந்தல், திரும்பிப் பாராமல்.

இவ்வாறாக, முன்னால் ஓசையற்ற வெண்தேர் பெட்டிகளையும் பெண்களையும் சுமந்து வழிகாட்ட, பின்னால், பின்னிருக்கை இழந்த பழந்தேரில், இறங்கும் சன்னலெல்லாம் இறக்கிவிட்டு, காற்றில் தலைமுடி பறக்க, கண்ணில் நீர் பெட்ரோலாலா வேறெதனாலா என்று வினவுவார் எவருமின்றி, எயிறு காத்த ஏந்தல், ஈறு புரந்த வள்ளல், கஷாயம் வடித்த காவலன், கார்புரேட்டர் கொண்டான், டேங்க் கடந்தான், தன்னந்தனியனாய், தான் சொன்ன சொல்லின் ஒரு பாதி நிற்க மறுபாதி விழ, கடைத்தெரு கடந்து, மேம்பாலம் ஏறி, பூங்கா வளைவு திரும்பி, முன்வண்டியின் பின்கண்ணாடிக்குள் திரும்பித் திரும்பிப் பார்க்கும் ஒரு தலையையே இலக்காக வைத்துத் தேர் நடாத்தி வருங்கால், பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. இரு தேரும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

மகள் இறங்கி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.